பித்தளை பர்னரில் ஏறிய கறை: எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

கேள்வி சுருக்கமாக இது: "வெள்ளகோவிலில் இருக்கிறோம். மூன்று பர்னர் கேஸ் அடுப்பு, பர்னர் பித்தளை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பால் பொங்கி, கொள்ளு பொங்கி, கடைசியாக ஒப்புட்டுக்கு வெல்லம் காய்ச்சியபோது பாகும் வழிந்து, பர்னர் கறுத்துக் கட்டியாகிவிட்டது. சோடா உப்பும் வினிகரும் கலந்து ஊற்றினேன். நன்றாக நுரைத்தது, கறை அப்படியே இருக்கிறது. அத்தை புளி போட்டு ஊற வை என்கிறார். வீட்டுக்காரர் பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் போய்விடும் என்கிறார். ஒரு பர்னரில் தீ ஒரு பக்கம் மஞ்சளாக எரிகிறது. என்ன செய்வது?"

அத்தை சொல்வது பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். வீட்டுக்காரர் கையிலிருக்கும் ஆசிட் பாட்டிலை மட்டும் முதலில் வாங்கி வைத்துவிடுங்கள். ஏன் என்பது பின்னால் வருகிறது.

ஈரோட்டில் அடுப்பு ரிப்பேரும் ஸ்பேரும் பார்க்கிற கடை என்னுடையது. அழுக்கினால் கெட்டுப்போன பர்னரைவிட, அழுக்கு எடுக்கிறேன் என்று கெடுத்த பர்னர்தான் கடைக்கு அதிகம் வருகிறது. ஊசி விட்டுக் குத்தி ஓட்டை பெரிதாகியிருக்கும், இல்லாவிட்டால் ஆசிடில் கிடந்து சிவந்து போயிருக்கும். பர்னர் பளபளக்க வேண்டிய சாமான் இல்லை. ஓட்டைகள் திறந்திருக்க வேண்டும், மூடி அதன் இடத்தில் ஆடாமல் உட்கார வேண்டும், தீ நீலமாக எரிய வேண்டும். இந்த மூன்றுக்கும் இடைஞ்சலாக இருக்கிற கறையை மட்டும் எடுத்தால் போதும்.

ஏனென்றால் பர்னரில் தெரிகிற கறுப்பு எல்லாமே அழுக்கு இல்லை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அடுப்பில் சூடேறும்போது மேலாக இருக்கிற செம்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பாகவும் கறுப்பாகவும் ஒரு மெல்லிய படலம் கட்டும். அது அந்த உலோகத்தின் மேல்தோல்தான். இன்று மாங்கு மாங்கென்று தேய்த்து மஞ்சள் நிறத்தைக் கொண்டுவந்தாலும், நாளைக்குக் காலையில் நாலு தோசை ஊற்றி முடிப்பதற்குள் பழுப்பு திரும்பிவிடும். அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை.

அதனால் முதலில் பர்னரைக் கழற்றி, ஆறிய பிறகு, வெளிச்சத்தில் வைத்து விரலால் தடவிப் பாருங்கள். நகத்தில் எதுவும் தட்டுப்படாமல் வழவழப்பாகக் கறுத்திருந்தால் அது நான் சொன்ன படலம். மேடாகத் தட்டுப்பட்டால் பொங்கி வழிந்து கருகிய சோறு, பால், பருப்பு. பழுப்பாக மினுமினுத்து, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தால் எண்ணெய். வெள்ளையாகப் பொரிந்திருந்தால் உப்புத் தண்ணி காய்ந்த தடம். விரலில் மை மாதிரி ஒட்டினால் அது கரி, அதற்குக் காரணம் பர்னரின் மேலே இல்லை, தீயில் இருக்கிறது. உங்கள் பர்னரில் இந்த ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. நீங்கள் ஏமாந்தது அங்கேதான்.

சோடா உப்பு, வினிகர் விஷயத்துக்கு வருகிறேன். சோடா உப்பு காரம், வினிகர் அமிலம். தனித்தனியாக இரண்டுக்கும் வேலை உண்டு. ஒன்றாகச் சேர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். நீங்கள் பார்த்த நுரை கார்பன் டை ஆக்சைடு, கேஸ் சோடாவில் வருகிற அதே வாயு. நுரை அடங்கியதும் பாத்திரத்தில் மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற ஒரு சாதுவான உப்பும் தண்ணீரும்தான். அது எந்தக் கறையையும் எடுக்காது. ஈனோ போட்டு எலுமிச்சம்பழம் பிழிகிற வீடியோக்களும் இதே கதைதான், ஈனோவிலேயே சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும் இருக்கிறது. ஒரு நன்மை மட்டும் உண்டு: ஓட்டைக்குள் தளர்ந்து கிடக்கிற தூசியை அந்தக் குமிழ்கள் வெளியே தள்ளும். கூடவே எலுமிச்சைச் சாறு நிறையப் பிழிந்திருந்தால், நுரை போக மிஞ்சிய புளிப்பு செம்பின் படலத்தைக் கரைத்துப் பர்னரை மஞ்சளாக்கும். வீடியோவில் பளிச்சென்று தெரிவது அந்தப் படலம் போனதால்தான். கட்டியாகக் கருகியது அதனால் போகாது.

சரி, எது போக்கும்? எண்ணெய்க்கும் பாலுக்கும் காரம். செம்புப் படலத்துக்கும் உப்புத் தண்ணித் தடத்துக்கும் அமிலம். முதலில் காரம், நன்றாகக் கழுவிவிட்டு அப்புறம் அமிலம். பால் பதப்படுத்தும் ஆலைகளில் குழாய்களைக் கழுவுவதும் இந்த வரிசையில்தான்: முதலில் காஸ்டிக் சோடா கரைசல், இடையில் தண்ணீர், பிறகு அமிலம். பாலின் கொழுப்பும் புரதமும் காரத்துக்கு இளகும், பாலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து படிந்த கல் மாதிரியான படிவு அமிலத்துக்குத்தான் இளகும். நம் அம்முச்சிகள் பித்தளைக் குடத்தை முதலில் சாம்பல் போட்டு விளக்கி, அப்புறம் புளி போட்டு விளக்கியதும் இதே கணக்கு. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, அது நல்ல காரம். தேங்காய் மட்டைச் சாம்பலில் இன்னும் அதிகம். உங்கள் அத்தை புளியைச் சொல்லிவிட்டுச் சாம்பலை விட்டுவிட்டார், அவ்வளவுதான். இப்போது சாம்பலுக்கு எங்கே போவது என்று விட்டிருப்பார்.

சாம்பலுக்குப் பதில் சலவை சோடா. மளிகைக் கடையில் வாஷிங் சோடா என்று கேட்டால் கிடைக்கும், ஆப்பத்துக்குப் போடுகிற சோடா உப்பு வேறு. ஆப்ப சோடா மெதுவான காரம், சலவை சோடா அதைவிடப் பல மடங்கு வீரியம். வீட்டில் ஆப்ப சோடா மட்டும்தான் இருக்கிறது என்றால் அதைத் தண்ணீரில் போட்டுக் கொஞ்ச நேரம் கொதிக்க விடுங்கள், கொதிக்கக் கொதிக்க அது சலவை சோடாவாக மாறிக்கொண்டே வரும். வெறும் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அந்தப் பலன் இல்லை.

இனி செய்முறை. சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடிவிட்டு, பர்னர் முழுக்க ஆறிய பிறகு கழற்றுங்கள். சுடச்சுட இருக்கிற பித்தளையைத் தண்ணீரில் போட்டால் மூடி கோணிக்கொள்ளும், அப்புறம் அது இடத்தில் உட்காராது. கழற்றியதைத் தலைகீழாகப் பிடித்து மரப்பலகைமேல் மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே இருக்கிற பொருக்கு பாதி அப்படியே கொட்டும். பழைய டூத் பிரஷ்ஷால் காய்ந்தபடியே ஒரு தேய் தேயுங்கள். ஈரம் படுவதற்கு முன்னால் இதைச் செய்வது முக்கியம். நனைந்த கரி சேறாகி ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பிறகு ஒரு பழைய எவர்சில்வர் போசியில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வைத்து, இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடாவும் கொஞ்சம் பாத்திரம் கழுவுகிற லிக்விடும் போட்டு, அடுப்பை அணைத்துவிட்டுப் பர்னரை உள்ளே விடுங்கள். மூன்று பர்னர் அடுப்பு என்றால் இரண்டைக் கழற்றி மூன்றாவதில் தண்ணீர் காய்ச்சிக்கொள்ளலாம், அதை அடுத்த முறை பாருங்கள். அலுமினியப் போசி வேண்டாம், சலவை சோடா அலுமினியத்தைத் தின்னும். முக்கால் மணி நேரம், கட்டி தடிப்பாக இருந்தால் ஒரு மணி நேரம் ஊறட்டும். கையுறை இல்லாவிட்டால் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், சோடாத் தண்ணீர் கை எண்ணெய்ப் பசையை எடுத்துத் தோலை வறட்டிவிடும்.

ஊறியதை எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் எண்ணெய்ப் பழுப்பு வழுக்கிக்கொண்டு வரும். பால், கொள்ளு, அரிசிம்பருப்பு எல்லாம் தோல் மாதிரி உரியும். வெல்லப்பாகு பாதிதான் கருகியிருந்தால் வெந்நீருக்கே கரைந்துவிடும், அதற்கு சோடாவே வேண்டாம். முழுக்கக் கருகிவிட்டது என்றால் அது வெறும் கார்பன். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கடையில் விற்கிற எந்தப் பொடியின் அட்டையிலும் இது இருக்காது: கார்பனைக் கரைக்கிற பொருள் நம் சமையலறையில் எதுவும் கிடையாது. புளியும் கரைக்காது, சோடாவும் கரைக்காது, ஆசிடும் கரைக்காது. கரியைப் பிடித்து வைத்திருக்கிற எண்ணெய்ப் பசையும் புரதமும் இளகும்போது கரி தானாகப் பிடி விடும், அவ்வளவுதான். பிடி விட்டதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுரண்ட மூங்கில் சீவல், கொட்டாங்குச்சியின் விளிம்பு, பழைய மர அகப்பைக் காம்பு எல்லாம் நல்லது. பித்தளைக் கம்பி பிரஷ் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அதுவும் நல்லது. இரும்புக் கம்பி நார் வேண்டாம். பித்தளை இரும்பைவிட மென்மையான உலோகம், கோடு கோடாகக் கீறல் விழும். அடுத்த முறை பால் பொங்கும்போது அந்தக் கீறல்களுக்குள்தான் முதலில் பிடிக்கும்.

ஒரு முறையில் போகாவிட்டால் அன்றைக்கே மல்லுக்கட்ட வேண்டாம். மறுபடி கொதிநீர், மறுபடி சோடா. இரண்டாவது ஊறலில் வருகிற கட்டி முதல் ஊறலில் அசைந்திருக்காது.

எண்ணெய்க் கறை பற்றி ஒரு இடைச்செருகல். எல்லா எண்ணெயும் ஒரே மாதிரி பிசின் கட்டுவதில்லை. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, சூட்டில் அது அவ்வளவு சீக்கிரம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. சூரியகாந்தி எண்ணெயில் நிறைவுறாத கொழுப்பு மிக அதிகம். சூடும் காற்றும் பட்டால் இறுகி வார்னிஷ் அடித்த மாதிரி ஆகிவிடும். கடலை எண்ணெய் நடுவில். காங்கயம் பக்கம் செக்குத் தேங்காய் எண்ணெயிலேயே சமைக்கிற வீட்டு அடுப்பு வந்தால் கடையில் கழுவுவது சுலபம், ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெயில் தினமும் பொரிக்கிற வீட்டு அடுப்பு என்றால் ஸ்டாண்டு, நாப், தட்டு எல்லாம் மஞ்சள் பிசின். கறைக்காக எண்ணெயை மாற்றச் சொல்லவில்லை. பிசின் இறுகுவதற்கு முன்னால், அடுப்பு வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரப்புத் தூளோ கடலை மாவோ தூவித் துணியால் துடைத்துவிட்டால் வேலை மிச்சம் என்பதற்காகச் சொல்கிறேன். எண்ணெய்த் தலைக்கு வேலை செய்கிற அரப்பு அடுப்புக்கும் செய்யும்.

காரம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். இங்கேதான் உங்கள் ஊர்த் தண்ணீர் விளையாடும். வெள்ளகோவில், காங்கயம், மூலனூர் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் அதிகம். சலவை சோடா அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்தால் வெள்ளை மாவாக இறங்கும். கழுவிக் காயவைத்த பர்னரில் வெள்ளை பூத்திருந்தால் சோடா சரியாகக் கழுவவில்லை என்று நினைக்காதீர்கள், அது தண்ணீரின் வேலை. சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவை வீடுகளில் இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. உப்புத் தண்ணிக்காரர்கள் கடைசி அலசலை மட்டும் குடிக்கிற தண்ணீரில் செய்யுங்கள், ஒரு சொம்புத் தண்ணீர் போதும்.

இப்போது அத்தையின் புளி. ஒரு பெரிய எலுமிச்சை அளவு பழைய புளியை வெந்நீரில் கரைத்து, ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டுப் பர்னரை ஊறவிடுங்கள். கறுத்த, சமையலுக்கு ஆகாத பழம்புளியே நல்லது. புளியிலிருக்கிற டார்டாரிக் அமிலம் செம்பின் படலத்தைக் கரைக்கும், உப்பு அதை வேகப்படுத்தும். எலுமிச்சம்பழத் தோலும் புளித்த மோரும்கூட இதே வேலையைச் செய்யும், நேரம்தான் கூடக் குறைய. சிட்ரிக் அமிலப் பொடி இருந்தால் அரை லிட்டர் வெந்நீருக்கு இரண்டு தேக்கரண்டி போதும்.

நேரம் முக்கியம். அரை மணி நேரத்தில் எடுத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க ஊறப்போடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, அதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் பித்தளையிலிருக்கிற துத்தநாகம் முதலில் கரைந்து போய்விடும், செம்பு மட்டும் மேலே நிற்கும். பர்னர் இளஞ்சிவப்பாகத் தெரிவது அதனால்தான். லேசான சிவப்பு என்றால் நைசான பாத்திரப் பொடியோ சலித்த சாம்பலோ போட்டுத் தேய்த்தால் போய்விடும். திரும்பத் திரும்ப அப்படி ஆனால் அந்த இடம் பொறை விழுந்து வலுவிழக்கும். ஓட்டைகளுக்கு நடுவில் இருக்கிற சன்னமான சுவர்கள்தான் முதலில் போகும்.

அதே புளித் தண்ணீரில் இரும்பு ஸ்டாண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். பித்தளையிலிருந்து கரைந்த செம்பு இரும்பின்மேல் போய்ச் சிவப்பாகப் படியும். பச்சையும் நீலமுமாக மாறிய அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கும் ஊற்ற வேண்டாம், அதில் செம்பு உப்பு இருக்கிறது. நிறையத் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் விட்டுவிடுங்கள். உப்பு போட்டு ஊறவைத்த பர்னரை இரண்டு மூன்று தண்ணீர் அலச வேண்டும். ஓட்டைக்குள் உப்பு தங்கினால் அங்கே பச்சைக் களிம்பு கிளம்பும்.

ஓட்டைகளுக்கு வருவோம். பர்னர் மூடி ஓட்டைக்குச் சீமாறுக் குச்சி போதும், கூராகச் சீவிக்கொள்ளலாம். மெல்லிய செம்புக் கம்பியும் நல்லது. கிருஷ்ணாயில் ஸ்டவ் காலத்து ஸ்டவ் பின் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அதையும் கோணி ஊசியையும் தொடாதீர்கள். குறிப்பாக அடியில், குழாய்க்கு நேராக இருக்கிற ஜெட்டில் எதையும் விட்டுக் குத்தவே வேண்டாம். கேஸ் வருகிற அந்தத் துவாரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. துளி பெரிதானாலும் கேஸ் கூடுதலாக வந்து, அதற்குப் போதிய காற்று கிடைக்காமல் தீ மஞ்சளாகும், சட்டி அடியெல்லாம் கரி பிடிக்கும். பர்னரை எத்தனை முறை விளக்கினாலும் அந்தக் கரி நிற்காது. ஜெட் அடைத்திருந்தால் புதிது மாற்றுவதுதான் சரி, அது பெரிய செலவும் இல்லை.

உங்கள் ஒரு பர்னர் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாக எரிகிறது என்றீர்கள். ஒரு பக்கம் என்பதால் ஜெட்டாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்தப் பக்கத்து ஓட்டைகள் அடைத்திருக்கும், இல்லையென்றால் மூடி சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். சுற்றிலும் மஞ்சள் என்றால் காற்று போகிற வழியைப் பார்க்க வேண்டும். பர்னர் குழாயின் பின்பக்கம் காற்று நுழைகிற இடைவெளி இருக்கும், அதில் சிலந்தி கூடு கட்டும், கரப்பான் குஞ்சு குடியிருக்கும். பல்லடம், சோமனூர் பக்கத்திலிருந்து, வீட்டோடு தறி ஓட்டுகிறவர்கள் அடுப்பு கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான், பஞ்சுத் தூசி மெத்தை மாதிரி அடைத்திருக்கும். பாட்டில் கழுவுகிற நீள பிரஷ்ஷைக் குழாய்க்குள் விட்டு இழுத்தாலே பாதி வியாதி போய்விடும்.

கழுவி மாட்டியவுடன் தீ ஆரஞ்சாகத் தெறித்தால் பயப்படாதீர்கள். ஓட்டையில் தங்கிய சோடாவோ உப்போ தீயில் பட்டால் சோடியம் மஞ்சள் ஒளி விடும். தெருவிளக்குச் சோடியம் விளக்கில் பார்க்கிற அதே மஞ்சள். சில நிமிடம் எரிந்தால் அடங்கிவிடும். உள்ளே ஈரம் இருந்தாலும் தீ படபடக்கும். அதனால் கழுவியதை உதறி, வெயிலில் ஒரு மதியம் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுங்கள். நம் பக்கத்து வெயிலுக்கு அதற்குமேல் தேவைப்படாது.

ஆசிட் விஷயம். பாத்ரூம் கழுவுகிற திரவங்களில் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வீட்டுக்காரர் சொல்வது முழுப் பொய்யில்லை, கருகிய கட்டி போகாவிட்டாலும் செம்புப் படலத்தின் கறுப்பு ஒரு நிமிடத்தில் போகத்தான் செய்யும். கூடவே துத்தநாகமும் போகும். புளி அரை நாள் கிடந்து செய்கிற கெடுதலை அது சில நிமிடங்களில் செய்துவிடும், சரியாகக் கழுவாத ஓட்டைக்குள் தங்கி மாதக்கணக்கில் அரித்துக்கொண்டும் இருக்கும். அலுமினியத்தில் பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அது தீப்பிடிக்கிற வாயு. இதைவிடப் பெரிய ஆபத்து, சிலர் ஆசிடில் போகவில்லை என்று மேலேயே பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ கொட்டுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சாத்திய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. எந்தக் கறைக்காகவும் அது தேவையில்லை.

கண்ணாடி துடைக்கிற ஸ்பிரேக்களில் சிலவற்றில் அம்மோனியா இருக்கும், அதையும் பித்தளைமேல் அடிக்க வேண்டாம். இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பட்டாளத்துத் தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலம் வந்தால் தாமாக விரிசல் விட்டன. காரணம் பிற்பாடு, 1920களின் தொடக்கத்தில்தான் விளங்கியது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து, அழுத்தி வடித்த பித்தளையை விரிசல் விட வைத்திருக்கிறது. தகட்டை அழுத்திச் செய்த மெல்லிய பர்னர் மூடிகளும் அதே இனம்தான்.

இவ்வளவும் பித்தளைக்கு. உங்களுடையது உண்மையில் பித்தளையா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கையில் தூக்கினால் கனம் தெரியும். ஒரே அளவு சாமானில் பித்தளை அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்று பங்கு எடை. அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஆணியால் ஒரு கீறு கீறினால் மஞ்சள் தெரிந்தால் பித்தளை, வெள்ளை தெரிந்தால் அலுமினியக் கலவை. காந்தம் ஒட்டினால் இரும்பு. மேலே மஞ்சள், கீறினால் வெள்ளை என்றால் பூச்சு மட்டும்தான் பித்தளை நிறம், அதைத் தேய்க்கத் தேய்க்கப் பூச்சு போகும். சில அடுப்புகளில் மூடி பித்தளையாகவும் அடிக்குழாய் வேறு உலோகமாகவும் இருக்கும், இரண்டையும் ஒரே தண்ணீரில் போடக் கூடாது.

அலுமினியம் என்றால் சலவை சோடா பக்கமே போகாதீர்கள், கறுத்துவிடும். வெந்நீர், பாத்திர லிக்விட், நார், அவ்வளவுதான். கறுத்துவிட்ட அலுமினியத்தை எலுமிச்சைத் தோல் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் சித்த நேரம் விட்டால் வெளுக்கும். கல்யாணச் சமையலுக்கும் டீக்கடைக்கும் போகிற பெரிய அடுப்பின் வார்ப்பிரும்பு பர்னருக்குப் புளியும் வேண்டாம், ஊறலும் வேண்டாம். கம்பி பிரஷ்ஷால் காய்ந்தபடி தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, தீயில் காயவைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவினால் துரு ஏறாது. எவர்சில்வர் மேல்தட்டில் வானவில் மாதிரி நிறம் ஏறியிருந்தால் அது சூட்டில் வந்த நிறம், எலுமிச்சைச் சாறு தடவித் துடைத்தால் மங்கும். கண்ணாடி மேல்தட்டு என்றால் சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் போதும்.

வராமல் தடுப்பது முழுக்க நம் கையில் இல்லை. புதுவீட்டுக்குப் பால் காய்ச்சும்போது பால் பொங்கி வழிந்தால்தான் நமக்குத் திருப்தி, புது அடுப்புக்கு முதல் கறை நல்ல நேரம் பார்த்துத்தான் விழுகிறது. மற்ற நாட்களில் குக்கரில் கொள்ளும் அரிசிம்பருப்பும் வைத்தால் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள், ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். வழிந்ததை அன்றைக்கே, பர்னர் ஆறியதும் வெந்நீர்த் துணியால் துடைத்துவிடுங்கள். இரண்டாம் முறை தீ பட்டால்தான் அது கட்டியாகிறது. காரமும் புளியும் சேர்ந்த இந்தப் பெரிய கழுவல் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறைக்குமேல் தேவைப்படாது. வாராவாரம் செய்தால் பர்னர் தேயும்.

மாட்டி முடித்ததும் மூடி ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். அடுப்பை நகர்த்தியிருந்தால் ரப்பர் டியூப் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் போடாமலும் அணைக்காமலும் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906க்கு அழைக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும், அதனால் ஜன்னல் மட்டும் போதாது, கதவும் திறந்திருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் தீ சரியாகாவிட்டால் பர்னரின் காலம் முடிந்தது என்று அர்த்தம். இரண்டு ஓட்டை தேய்ந்து ஒன்றாகியிருந்தால், மூடியில் விரிசல் இருந்தால், சமதளமான கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தால் ஆடினால், அல்லது சிம்மில் வைக்கும்போது 'டப்' என்று தீ உள்ளே பாய்ந்து குழாய்க்குள் உறுமினால் மாற்றிவிடுங்கள். கடைக்குப் போகும்போது பழைய பர்னரைக் கையோடு எடுத்துப் போங்கள், பெரியது சின்னது என்று வாயால் சொன்னால் அளவு சேராது. வாங்கும்போது தகட்டில் செய்ததைவிடக் கனமான, அடித்துச் செய்த பித்தளை மூடியாகக் கேளுங்கள், விலை கூடினாலும் கோணாது. பழையதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கறுத்திருந்தாலும் பித்தளை எடைக்குப் போகும், அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.